திண்டிவனத்தில் நாலு ஏகாம்பரம்

12.6.84, செவ்வாய்

கத்திரி முடிந்து இரண்டு வாரம். காற்றில்லை. மில் புகை தெற்கு ஜன்னல் வழியே நேராக உள்ளே. மூடினால் புழுக்கம், திறந்தால் இருமல்.

ஞாயிறன்று மகள் மலரைப் பெண் பார்க்க வருவதாக இருந்த விழுப்புரத்துக்காரர்கள் வரவில்லை. இன்றுவரை ஒரு வரி கடிதம் இல்லை. வாங்கி வைத்தவை: ரவை, முந்திரி, மல்லிகை நாலு முழம். இரவல் நாற்காலி மூன்று, பக்கத்து வீட்டிலிருந்து. மல்லிகை வாடியது. நாற்காலிகள் இன்னும் கூடத்தில். திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனமில்லை.

அவள் கட்டவிருந்த புடவையை மடித்து பீரோவில் வைத்தாள். வயது இருபத்தாறு. வருகிறேன் என்று வராமல் போனவர்களில் இவர்கள் மூன்றாவது. ஆடி பிறந்தால் ஒரு மாதம் பேச்சே எடுக்க முடியாது.

மனைவி: "யாரோ என்னமோ சொல்லிக்கினு இருக்காங்க."

என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாம் இந்தப் பெயரால் வந்தது. பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் ஏகாம்பரம் நாலு பேர். கணக்கு வாத்தியார் மதிப்பெண் வரிசையில் எண் போட்டுக் கூப்பிட்டார். நான் ஒன்று. இன்று ஊர் போடும் வரிசை வேறு.

மில் ஏகாம்பரம்: மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய், லாரி இரண்டு. கடைசி பெஞ்சு.
பூப்பந்து ஏகாம்பரம்: பந்தடித்தே ரயில்வேயில் வேலை வாங்கினவன். விழுப்புரம் ஜங்ஷன், பார்சல் ஆபீஸ்.
கிளாரினெட் ஏகாம்பரம்: கல்யாண பேண்டு. குடி.
நான்: எம்.ஏ., வரலாறு. தலைமையாசிரியர் நாற்காலி இரண்டு முறை என்னைத் தாண்டிப் போயிற்று. அடைமொழி கிடையாது.

13.6, புதன்

பானிபட் போரை மூன்றாவது தடவையாக நடத்தினேன். ஒருவனுக்கும் ஏறவில்லை.

பெண் எடுக்கிறவர்கள் முதலில் வீட்டுக்கு வருவதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடை, வெற்றிலைக் கடை, சலூன் என்று மூன்று இடத்தில் குடும்பத்தைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அதில் தேறினால்தான் வீட்டு வாசல். எனவே பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனேன்.

"ஆமா சார், போன வாரம் ரெண்டு பேரு வந்தாங்க. ஏகாம்பரம் எப்படின்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"செம கூட்டம் சார் அப்ப. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நான் எங்க கண்டேன்."

முகத்தைப் பார்க்காமல் டம்ளர் கழுவினான். புரிந்துவிட்டது. கிளாரினெட்டின் கதையை என் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

அவனும் அங்கேயே நின்றிருந்தான், திருவெண்ணெய்நல்லூர் கல்யாணத்துக்குப் புறப்பட்டு, வாத்தியப் பெட்டியோடு. நேராகவே கேட்டேன்.

"என்னால உம் பொண்ணு கல்யாணம் நின்னு போச்சா? என்னப் பாத்து பயப்பட இன்னும் ஆளு இருக்குதுன்னா பெருமைதான்டா." சிரித்தான். பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னல் வழியே, "முடிவானா சொல்லு. உன் வூட்டு விசேஷத்துக்கு வேற பேண்டு வரக்கூடாது, ஆமா."

ஐந்து மணிக்கே வாசனை. இவனோடு என்னைக் குழப்பினார்கள்.

14.6, வியாழன்

அரை நாள் லீவு. வி.புரம். பஸ்ஸில் நின்றுகொண்டே.

மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தசாமி, ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. பூப்பந்துக்கு அவரைத் தெரியும் என்று கேள்வி. பார்சல் ஆபீஸில் மூட்டைகள் நடுவே உட்கார்ந்திருந்தான். முட்டி தேய்ந்து நொண்டுகிறான். இன்னும் அதே வெள்ளைக் கான்வாஸ் ஷூ.

"நாலு பேருக்கும் ஒரே பேரு. கோவிந்தசாமி வேறு ஆளைப் பற்றிக் கேட்டுவிட்டார். நீ எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றேன்.

"குழப்பம்லாம் ஒண்ணும் இல்லடா. என்னாண்டயும்தான் வந்து கேட்டாரு. வாத்தியார் ஏகாம்பரம்னு தெளிவாத்தான் விசாரிச்சிருக்காரு."

"பிறகு?"

"ஊருல உனக்கு என்ன பேருன்னு தெரியாதா? பெட்டிஷன் ஏகாம்பரம்."

தெரியாது. இன்றுதான் தெரியும். அங்கேயே அவனிடம் விரல்விட்டு எண்ணிக் காட்டினேன், அப்படி எத்தனை எழுதிவிட்டேன் என்று.

1. மில் புகை. தாலுகா ஆபீஸ், மூன்று வருடமாக. விசாரணை வரும் திங்கள்.
2. தலைமையாசிரியர் பதவி. இரண்டு.
3. பக்கத்து வீட்டுச் சுவர் என் பக்கம் முக்கால் அடி. நாற்காலி கொடுத்தவர்தான்.
4. பேண்டு ஒத்திகை, பரீட்சை நேரத்தில்.
5. கோயில் ஒலிபெருக்கி.

எல்லாம் நியாயமானவை.

"ஒண்ண வுட்டுட்ட" என்றான் பூப்பந்து. "எனக்கு வேலை வந்தப்போ ரயில்வேக்கு எழுதினியே. மார்க்கு இல்லாதவனுக்கு வேலையான்னு. கூப்பிட்டு விசாரிச்சாங்க என்னை."

இருபத்தெட்டு வருடம். அது அவனுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பார்சலில் சீட்டு ஒட்டிக்கொண்டே சொன்னான். பிறகு ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டே, என்னைக் கோவிந்தசாமி வீட்டுக்கு அழைத்துப் போனான்.

கோவிந்தசாமி மரியாதையான மனிதர். மோர் கொடுத்தார்.

"பொண்ணப் பத்தி ஒரு சொல்லு குறையா காதுல விழலீங்க. உங்களப் பத்தியும் தப்பு தண்டா கிடையாது. ஆனா நாளைக்கு சம்பந்தின்னு ஆனப்புறம், சாம்பார்ல உப்பு இல்லன்னு எம்மேல ஒண்ணு எழுதிட்டீங்கன்னா? நான் பென்ஷன்காரங்க."

பூப்பந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"ஒண்ணு பண்ணுங்க. நீங்க யாரு மேல அதிகமா எழுதியிருக்கீங்களோ, அந்த மில்லுக்காரரு உங்க வூட்டு சபையில வந்து உக்காரட்டும். அவரே வந்து உக்காந்தா எனக்கு வேற விசாரணை வேணாம். ஞாயித்துக்கிழமை வர்றோம்."

15.6, வெள்ளி

போகவில்லை. மில் வாசல் வரை போய்த் தபால் பெட்டியில் வேலை இருப்பது போல நின்றுவிட்டுத் திரும்பினேன். வகுப்பில் ஒருவனைக் காரணமில்லாமல் அடித்தேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். மலர் அங்கேயே நின்றாள்.

"எனக்காக நீங்க யார் வாசல்லயும் போய் நிக்க வேணாம்ப்பா. ஆனா உங்க கௌரவத்துக்காக போகாம இருந்துட்டு, அதை எனக்காகன்னு சொல்லிக்கினு இருக்காதீங்க."

இவ்வளவு நீளமாக அவள் என்னிடம் பேசிப் பல மாதம்.

16.6, சனி

சாயங்காலம் போனேன். மில் முழுக்க மல்லாட்டைத் தோல், தும்மல். மில் ஏகாம்பரம் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"வாய்யா வாத்தியாரே. குந்து."

மனுவை வாபஸ் வாங்கு என்பான். அதற்கு மூன்று பதில்கள் யோசித்து வைத்திருந்தேன். வந்த விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"எத்தினி மணிக்கு வரணும்?"

"பத்து."

"வர்றேன்."

அவ்வளவுதான். நானே கேட்டேன், திங்கட்கிழமை விசாரணை இருக்கிறதே என்று.

"இருக்குது. அதையும் இதையும் ஒண்ணாப் போட்டுக்காத." காது குடைந்தான். "ஒரு விஷயம் தெரியுமா? நீ எம்மேல எழுதற மனுவுக்கு வர்ற பதில்ல பாதி எங்கிட்டதான் வருது. ஏகாம்பரம், திண்டிவனம்னு போட்டா போஸ்ட்மேன் மில்லுக்குத்தானே கொண்ணாருவான். படிச்சிட்டு ஆள் வச்சி உன் வூட்டுக்கு அனுப்புவேன். தப்பில்லாம எழுதறய்யா நீ. எனக்கெல்லாம் வராது."

வாபஸ் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். அவன் கேட்கவில்லை. வீடு வரும்வரை அதே எரிச்சல்.

17.6, ஞாயிறு

ஒன்பதரைக்கே வந்துவிட்டான், சலவை வேட்டியில். என் நாற்காலியில் உட்கார்ந்தான். மலரை, என்ன படிச்சிருக்க, டைப்பிங்கு எவ்வளவு வேகம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். இதெல்லாம் நான் கேட்டு நாளாயிற்று.

பத்தே காலுக்கு அவர்கள். ஆறு பேர். கோவிந்தசாமி உள்ளே நுழைந்ததும் முதலில் அவனைத்தான் பார்த்தார்.

"இவரைப் பத்தி நீங்க சொல்லுங்க" என்றார்.

"இவரு எழுதினதுல ஒண்ணுகூட பொய் கிடையாதுங்க" என்றான். "அதான் பேஜாரே."

கூடமே சிரித்தது. உள்ளிருந்து மலரின் சிரிப்பும். பையன் அப்போது நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தான்.

சரி என்று சொல்லிவிட்டார்கள். ஆடிக்கு முன் பூ வைப்பது, ஆவணியில் கல்யாணம். மனைவி அழுதாள். நான் பக்கத்து வீட்டு நாற்காலிகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று நடை.

18.6, திங்கள்

விடிந்ததும் எழுந்து வாபஸ் கடிதம் எழுதினேன். நாலு வரி. மூன்று முறை திருத்தி, சுத்தமாக நகல் எடுத்துச் சட்டைப் பையில். முப்பது வருடத்தில் நான் யாருக்கும் எழுதாத மாதிரிக் கடிதம். பதினொரு மணிக்கு, அதிகாரி முன்னால், அவன் பார்க்கக் கொடுப்பதாக எண்ணம்.

பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்தோம். அதிகாரி சிரித்துவிட்டார். நான் பைக்குள் கை விடுவதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"புகை வர்றது நிஜம்தான் சார். மூணு வருசமா இழுத்துட்டேன், தப்பு எம்மேலதான். ஆடிக்குள்ள குழாயை உசத்திடறேன். இன்னிக்கே எழுதித் தர்றேன்."

எழுதிக் கொடுத்தான். ஏகப்பட்ட பிழை. கோப்பை மூடிவிட்டார்கள். என் மனு ஒன்று ஜெயித்திருக்கிறது, வாழ்க்கையில் முதல் தடவையாக.

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறச் சொன்னான். ஏறிக்கொண்டேன். வழி முழுக்க கல்யாணச் சமையல்காரனைப் பற்றிப் பேசினான். வீட்டு வாசலில் இறங்கினேன், கடிதம் பையிலேயே. நீட்ட ஒரு நிமிடம் விட்டிருக்கலாம், பாவி.