கொடியை இறக்கிவிட்டான், அக்கா

திருநாட்டில் எம்பெருமான் திருவடி நிழலில் இளைப்பாறும் என் பிரிய அக்காவுக்கு,

அங்கே உனக்கு ஏதேனும் கைங்கர்யம் உண்டா? இல்லை, அங்கும் உன்னை உட்கார வைத்துவிட்டார்களா?

கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போன உன் பிள்ளை உன்னை அழைத்துப்போய்த் தாங்கினான். குனியவும் விடவில்லை. அடுப்படியில் தளிகை பண்ணிய உன் கை, ஒரே வருஷத்தில் கரண்டி பிடிக்க நடுங்கிற்று. அது வயதா, அக்கா? அன்பா?

இப்போது என் முறை. பெங்களூரிலிருந்து வந்த என் பிள்ளை ரகு, நான் கோயிலுக்குப் போயிருந்தபோது மடிக்கொடியை இறக்கிவிட்டான். மடியாய் உடுத்தும் புடவையில் பிறர் கை படக் கூடாதென்று உத்தரத்தருகே கட்டிய மூங்கில் அது. தினமும் கோலால் புடவையை ஏற்றி விரிப்பேன். அவன் இடுப்பளவில் ஒரு கம்பி கட்டி, "இனிமே கையைத் தூக்காதேம்மா" என்று சொல்லிப் போனான்.

தூக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவன் மறுபடி வந்தபோது, கொண்டை முடியக் கை பிடரிக்கு எட்டவில்லை.

"பாத்தியா? ஒன்னால முடியல. ஆத்தைப் பூட்டிண்டு என்னோட வா. டிக்கெட் போட்டாச்சு."

பூட்டினால் நம் சாளக்கிராமப் பெருமாளுக்கு அமுது படைப்பது யார்? எது முதலில் வந்தது, முடியாமையா, கம்பியா? அவனுக்கு எப்படிச் சொல்வேன்?

கங்காதர நெல்லூரிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் செல்வியிடம் மூங்கிலைப் பழைய உயரத்திலேயே கட்டச் சொன்னேன். ஸ்டூலில் ஏறிக் கட்டிக்கொண்டே சிரித்தாள்.

"இன்னாம்மா, முன்னெல்லாம் இந்தக் கொடிப் பக்கம் வந்தாலே மொறச்சிக்கினு நிப்பியே! நான் தொட்டா உங்க சாமி எழுந்து ஓடிப்பூடுமா?"

அவளை விலக்கிய ஆசாரமேதான், தினமும் கையைத் தூக்க வைத்து, என் தோளைக் காத்ததோ? இந்த எண்ணம் என்னை ஓரிடத்தில் நிலைகொள்ள விடவில்லை.

கோலால் புடவையை ஏற்றினேன். தோள் வலித்தது. பாதி ஏறிய புடவை சரிந்தது. பிடிக்க வந்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"பிடி, செல்வி" என்றேன்.

அவள் முந்தானையைத் தாங்கினாள். நான் கோலால் உந்தினேன். ஏறிற்று. மடி கெட்டதா என்பதைப் பெருமாளே சொல்லட்டும்.

வாசலில் நின்று பார்த்திருந்த ரகு, "அப்போ டிக்கெட்?" என்றான்.

"ஒனக்கு மட்டும்" என்றேன்.

அக்கா, கை எழும்வரை நானே செய்வேன். எழாத அளவுக்கு மட்டும் துணை கேட்பேன். எவர் அன்புக்காகவும் என் வேலையைக் கொடுத்துவிட மாட்டேன். இது உன்மேல் ஆணை.

உன்னோடு எதிர்வாதம் பேசியே வளர்ந்த
தங்கை