சென்னையில் பெய்யாத மழை

ஐயா,

இன்று காலை சேலம் தொலைபேசி அலுவலகத்தில் ஒரு கையெழுத்துப் போடப் பேனா தேடினேன். மேசை இழுப்பறையின் அடியில் கையை விட்டபோது, பாச்சை உருண்டை வாசனையோடு அந்தச் சிவப்பு ரிப்பன் வந்தது. நாகலூரில் நீங்கள் வெட்டாமல் சுருட்டிக் கொடுத்தீர்களே, அதே ரிப்பன். எதிரே நின்ற இளம் பொறியாளர், "இது என்னங்க மேடம், யாரு கல்யாணத்து ரிப்பன்?" என்றார். நடக்காமல் போன ஒரு திறப்பு விழாவுடையது என்றேன்.

அவர் நீட்டிய தாளில், தலைச்சோலைக்கு இணையக் கேபிள் போய்ச் சேர்ந்துவிட்டது, நேரில் சரிபார்க்கப்பட்டது என்று இருந்தது. நாகலூரைப் போலவே ஏற்காட்டு மலையில் இருக்கும், நான் பிறந்த ஊர். "நீங்க போய்ப் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டேன். "கான்ட்ராக்டர் போட்டோ அனுப்பியிருக்காருங்க மேடம்" என்றார். நான் பேனாவை மூடிவிட்டேன். அடுத்த பஸ்ஸில் அவரை மலைக்கு அனுப்பிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் இறந்துபோனபோது, நாட்டின் டிஜிட்டல் பொருளாதாரத்துக்கு விதை போட்ட மந்திரி என்று செய்தித்தாளில் நாலு வரி போட்டார்கள். நாகலூரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்படி இருக்கும்? அன்று நீங்கள் எதையும் திறக்கவில்லையே.

எண்பதுகளின் கடைசி அது. டில்லியில் தொலைபேசித் துறை உங்கள் கையில் இருந்தது. கிராமத்துக்குக் கிராமம் மின்னணு எக்ஸ்சேஞ்ச் வைத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊருக்குப் போன் ஒரு கேடா என்று எல்லோரும் கேலி பேசினார்கள். அதற்கு நீங்கள் மேடைக்கு மேடை சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: "இந்தக் கம்பியில வெறும் பேச்சு மட்டும் போகாதுங்க. நாளைக்குக் காப்பி வெல போகும், பள்ளிக்கூடப் பாடம் போகும், வைத்தியம் போகும்."

நாகலூர் எக்ஸ்சேஞ்ச் ஓடு வேய்ந்த கட்டடம். முன்னால் ஒரு அறை, பின்னால் பேட்டரி அறை. இயந்திரம் வந்து இறங்கிவிட்டது. ஊருக்குள் பேசலாம். மலைக்குக் கீழே பேச முடியாது. சேலத்திலிருந்து வரவேண்டிய கேபிள் மலையடிவாரத்துக் குப்பனூரிலேயே நின்றுபோயிருந்தது. ஆனால் உங்கள் தேதி வந்துவிட்டது. நீங்கள் முன்னறையிலிருந்து சென்னை அலுவலகத்துக்கு முதல் அழைப்புப் பேச வேண்டும். கேபிள் இல்லாததை மறைக்க, சென்னையாக இருக்க வேண்டியவள் பேட்டரி அறையில் உட்கார்ந்திருந்த நான்.

நான் அப்போது தற்காலிக ஆபரேட்டர். என் நிரந்தர ஆர்டர் எங்கள் அதிகாரியின் மேசையில் கிடந்தது. "மூணே வரிம்மா. வணக்கம் ஐயா, குரல் தெளிவாகக் கேட்கிறது, மிக்க மகிழ்ச்சி. இத மட்டும் ஒழுங்காச் சொல்லிரு, ஆர்டர் தானா வரும்" என்றார் அவர். நான் அந்த மூன்று வரியையும் நாலு நாள் சொல்லிப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. வேலையும் வேண்டியிருந்தது.

மணி அடித்தது. முதல் இரண்டு வரியையும் அச்சுப் பிசகாமல் சொல்லிவிட்டேன். மூன்றாவதை எடுப்பதற்குள் நீங்கள் குறுக்கே ஒன்று கேட்டீர்கள். "அங்க மழைங்களா?"

அது என் பாடத்தில் இல்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன். சித்திரை மாதத்துக் கோடை மழை கொட்டிக்கொண்டிருந்தது. "நொம்பப் பேயுதுங்க. காலையிலிருந்து விடவே இல்லீங்க" என்றேன்.

அன்று விடியற்காலைதான் நீங்கள் சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருந்தீர்கள். அங்கே முந்தின நாள் வரை வெயில் மண்டையைப் பிளந்தது என்று பிறகு சொன்னீர்கள். அதைவிட, 'ரொம்ப'வை 'நொம்ப' என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. நீங்களும் சேலத்துக்காரர். டில்லியில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு இந்தப் பேச்சு மறந்திருக்கும் என்று அதிகாரி கணக்குப் போட்டிருக்கிறார், பாவம்.

நீங்கள் குரலைத் தாழ்த்தி, "சென்னையில எப்பக் கண்ணு நொம்பன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க?" என்றீர்கள். "பயப்படாத சாமி. எங்கிருந்து பேசற?"

"பின்னால... பேட்டரி ரூம்லீங்க."

"கம்பி எது வரைக்கும் வந்திருக்கு?"

அந்த ஒரு நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை ஐயா. உண்மையைச் சொன்னால் என் ஆர்டர் போயிற்று. சொல்லாவிட்டால் நீங்கள் ரிப்பனை வெட்டுவீர்கள், நாகலூருக்குப் போன் வந்துவிட்டது என்று டில்லியில் எழுதிக்கொள்வார்கள், வந்துவிட்ட கம்பியை அப்புறம் யார் கொண்டுவருவார்கள்? முந்தின வருஷம் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, ஏற்காட்டுக்கு ஆள் நடந்தே போய்ச் சொல்லித்தான் வண்டி வந்தது. அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

"குப்பனூரோட நின்னுருச்சுங்க. மலை ஏறலீங்க" என்றேன்.

நீங்கள் வெளியே போய் மைக்கைப் பிடித்தீர்கள். "இன்னிக்கு நான் இதத் தொறக்கலீங்க. கம்பி இன்னும் மலை ஏறலியாம். நாளன்னிக்கு டில்லியில இத்தன ஊருக்குப் போன் குடுத்துட்டேன்னு சொல்லணும். அதுல ஒண்ணக் கொறச்சே சொல்றேன்" என்றீர்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "ஏனுங்க, அப்பச் சாப்பாடு உண்டுங்களா?" என்றார். "அது உண்டுங்க" என்றீர்கள். அதன் பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

ஒன்று குறைந்ததற்கே எதிர்க்கட்சிக்காரர்கள் உங்களைச் சபையில் கிழித்தார்கள். நான் ரேடியோவில் கேட்டேன்.

கிளம்பும்போது ரிப்பனைச் சுருட்டி என் கையில் வைத்து, உங்கள் சென்னை வீட்டு எண்ணையும் எழுதிக் கொடுத்தீர்கள். "கம்பி வந்ததும் நீயே எனக்குப் பேசு. அதுதான் தொறப்பு விழா."

என் ஆர்டர் வரவில்லை. இருந்த வேலையும் போய்ச் சம்பளம் நின்றது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லையே என்று உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மார்கழியில் கேபிள் மலை ஏறியது. அதற்குள் நீங்கள் தேர்தலில் தோற்று, பதவியும் போயிருந்தது. வேலை இல்லாமல் நின்ற நான் எக்ஸ்சேஞ்சுக்குப் போய், போனைக் கேட்டு வாங்கி, உங்கள் எண்ணைச் சுழற்றினேன். நீங்களே எடுத்தீர்கள். இந்தத் தடவை நான்தான் முதலில் கேட்டேன்.

"அங்க மழைங்களா ஐயா?"

"நொம்பப் பேயுது கண்ணு" என்றீர்கள். பிறகு உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியா, சென்னையில நொம்பன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. அங்க எப்படி?"

"வெயிலுங்க. பளிச்சுன்னு அடிக்குதுங்க."

"அப்ப நெசமாத்தான் பேசறோம்" என்றீர்கள். உங்கள் குரல் உடைந்திருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. என் வேலையைப் பற்றியும் கேட்டேவிட்டேன். "நான் சிபாரிசு பண்ணியிருந்தா, நீ வேலைக்காகத்தான் நெசத்தச் சொன்னேன்னு ஆயிருக்கும் சாமி. பரீட்சை எழுது" என்றீர்கள். கோபத்தோடு எழுதினேன். தேறினேன்.

இன்று காப்பி விலையும் பாடமும் வைத்தியமும் நீங்கள் சொன்னபடியே கம்பியில் போகின்றன. பொய்யும் அதே கம்பியில் போட்டோவாக வருகிறது. அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. எதற்கு மேடம் கடைசி நேரத்தில் பிடிவாதம் என்கிறார்கள். கடைசி நாள் வரைக்கும் இப்படித்தான் இருப்பேன்.

வெளியே சேலத்து வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அந்தத் தம்பி இந்நேரம் தலைச்சோலையில் இறங்கியிருப்பார். அங்கே வைத்த புதுக் கருவியிலிருந்தே கூப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இதோ, மணி அடிக்கிறது. முதலில் அங்கே மழையா என்று கேட்கிறேன் ஐயா. கையெழுத்து அப்புறம்.