எட்டு முதல் எட்டரை வரை

18 ஜூன் 2025, புதன்

கடலூர் கிளையை மூடிவிட்டு மருந்துக் கடை முதலாளி என்னைச் சிதம்பரம் கடைக்கு மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போகிறது. கால் வீங்கிக் கிடக்கிறது.

கொழுந்தன் அரசு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அண்ணி, ஆவணியில கல்யாணம். அந்த ரூமு..." மீதியைச் சொல்லவில்லை. அவர் போய் ஒன்றரை வருஷம். அவர் இருந்தவரைக்கும்தான் இது என் வீடு.

ஆடி பிறந்துவிட்டால் ஒருத்தரும் குடிவைக்க மாட்டார்கள். அதற்குள் சிதம்பரத்தில் வீடு பிடிக்க வேண்டும், எனக்கும் கெளுத்திக்கும். பூனைக்கு எவராவது மீன் பேர் வைப்பார்களா? அவர் வைத்தார். துறைமுகத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து, மீசையைப் பார்த்து வைத்த பேர்.

22 ஜூன், ஞாயிறு

நாலு வீடு. கடையில் பில் போடும் மோகனப்பிரியா துணைக்கு வந்தாள். எல்லா இடத்திலும் ஒரே பாட்டு. எத்தனை பேர்? நான் மட்டும்தான், ஒரு பூனை இருக்கு. வீட்டுக்காரர் என்ன பண்றாரு? தவறிட்டாருங்க. "அடடா" என்பார்கள். உள்ளே போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வருவார்கள். "பூனைதாம்மா யோசனையா இருக்கு."

அண்ணாமலை நகரில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு நாய் கட்டிக் கிடந்தது. அந்த அம்மாவுக்கும் பூனைதான் யோசனையாம்! நாய் வளர்க்கிறவளுக்குப் பூனை மட்டும் கசக்கிறதா? கேட்க வாயெடுத்தேன். மோகனப்பிரியா கையைக் கிள்ளிவிட்டாள்.

25 ஜூன்

இன்றும் இல்லை.

29 ஜூன், ஞாயிறு

மூன்று வீடு. பூனை, பூனை, பூனை.

5 ஜூலை, சனி

இன்று விடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுச் சொந்தக்காரர் கோவிந்தசாமி, பத்திரம் எழுதுகிறவர். அவர் மனைவி திலகவதி அக்கா. வாசல் ஓரமாக ஒரு சின்னப் போர்ஷன். என் கதவும் அவர்கள் வாசலும் நேருக்கு நேர்.

"பூனை சகுனத்தடைம்மா. தெனம் நாலு பேரு சொத்த எழுதப் போறவன் நானு" என்றார். சரி, இதுவும் போச்சு என்று எழுந்தபோதுதான் பரண்மேல் பத்திரக் கட்டுகளைப் பார்த்தேன். ஓரமெல்லாம் எலி கொறித்துப் பொடியாகக் கொட்டிக் கிடந்தது.

"சார், இதெல்லாம் எந்த வருஷத்து நகலு?"

"எங்கப்பா எழுதுனதும்மா..." முகமே மாறிவிட்டது. பொறி வைத்தாராம், மருந்து வைத்தாராம், எதற்கும் மசியவில்லையாம்.

"எங்க வூட்ல நாலு வருஷமா எலியே கெடையாது சார்." சத்தியமாகப் பொய் இல்லை.

அக்கா அவரை உள்ளே கூப்பிட்டார். வெகு நேரம் பேசினார்கள். பிறகு வந்து, "செரிம்மா. ஒரே கண்டிசன். காலையில நான் கெளம்புற நேரத்துல ஒங்க கதவு சாத்தியிருக்கணும்" என்றார். அவ்வளவுதானே! நூறு தடவை சாத்துகிறேன் சார் என்று கும்பிட்டேன். பஸ்ஸில் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாதிரி பார்த்தாள்.

7 ஜூலை, திங்கள்

வாடகை ஒப்பந்தம். சாரே எழுதியிருக்கிறார், அச்சு மாதிரி எழுத்து. "காலை எட்டு மணி முதல் எட்டரை மணி வரை மேற்படி போர்ஷனின் வாசற்கதவை வாடகைதாரர் திறக்கக் கூடாது." இதற்குப் போய் மேற்படியா? கையெழுத்துப் போட்டேன்.

11 ஜூலை, வெள்ளி

பால் காய்ச்சினேன். அக்கா வரவில்லை, தலைவலியாம். கெளுத்தி பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வர மாட்டேன் என்கிறான்.

15 ஜூலை

முதல் எலி. பிடித்துக்கொண்டுபோய் சார் வாசலிலேயே போட்டிருக்கிறான். சார் சிரித்தாராம்.

2 ஆகஸ்ட், சனி

எட்டரை வரை ஜன்னலையும் சாத்திக்கொண்டு நானும் அவனும் உட்கார்ந்திருக்கிறோம். கதவைப் பிறாண்டுகிறான். "உன்னாலதான்டா எனக்கும் ஜெயிலு" என்று திட்டினேன். செருப்புச் சத்தம், கேட்டுச் சத்தம், ஸ்கூட்டர் சத்தம். அதற்கப்புறம்தான் எங்களுக்கு விடிகிறது.

20 ஆகஸ்ட், புதன்

சமையலறை ஜன்னல் கொக்கி கழன்றிருக்கிறது. நான் பார்க்கவில்லை. கெளுத்தி பாய்ந்து சார் குறுக்கே போய்விட்டான். சார் உள்ளே திரும்பிப் போய், தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் வந்தால் அக்கா வாசலில் நிற்கிறார். இன்றைக்குப் பதிய வேண்டிய பத்திரம் நின்றுபோச்சாம். ஒரு வாரிசு கையெழுத்துப் போட வரவில்லையாம். வாரிசு வராததற்குக் கெளுத்தி என்ன செய்வான்?

"பூனைய வச்சிக்கிறதுன்னா வேற வூடு பாத்துக்க மாலதி."

கத்தினேன். அப்புறம் கெஞ்சினேன். இரண்டும் எடுபடவில்லை.

22 ஆகஸ்ட்

கடலூருக்குத் திரும்ப முடியாது. அந்த ரூமுக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது என்று அரசு போட்டோ அனுப்பியிருக்கிறான். ரோஸ் கலர்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மோகனப்பிரியாவின் மாமா காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் வைத்திருக்கிறார். எலித் தொல்லை, பூனை வேண்டுமாம். கூடையில் போட்டு மூடி டவுன் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கத்தினான். மில் ஓடுகிற சத்தத்தில் மிரண்டு, இறக்கிவிட்டதுமே மூட்டைகளுக்குள் ஓடிவிட்டான்.

யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. நானே கொண்டுபோய் விட்டேன். அவர் இருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பார்?

28 ஆகஸ்ட், வியாழன்

எட்டேகாலுக்குத் துணி காயப்போடக் கதவைத் திறந்தேன். அக்கா ஓடி வந்தார்.

"கதவ சாத்து மாலதி. அவுரு கெளம்புறாரு."

"அதான் பூனை இல்லியேக்கா."

அக்கா என் வெறும் நெற்றியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டுதான வந்த? படிச்சிப் பாக்கலியா?"

உள்ளே வந்து ஒப்பந்தத்தை எடுத்தேன். இரண்டு பக்கத்தையும் வரி வரியாகப் படித்தேன். கதவு இருக்கிறது. நேரம் இருக்கிறது. பூனை என்கிற வார்த்தையே எங்கும் இல்லை. பத்திரம் எழுதிப் பிழைக்கிற மனுஷன், மறந்தா விட்டிருப்பார்?

கதவு எனக்கு. தாலியறுத்தவ எதிர்ல வந்துடக் கூடாதாம். ஒன்றரை மாசமா நானே என்னை உள்ள வச்சிப் பூட்டிக்கிட்டு, பாவம், அந்த வாயில்லா ஜீவனத் திட்டியிருக்கேன். தூ!

அந்த நாய் வளர்த்த அம்மா. அத்தனை வீட்டிலும் சொன்ன "அடடா". முகத்துக்கு நேரே சொல்ல எல்லோருக்கும் பூனை வசதியாகக் கிடைத்திருக்கிறது. நம்பிக்கொள்ள எனக்கும் வசதியாக இருந்தது.

கடைக்குப் போகவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

கெளுத்தியைக் கூட்டிவர மில்லுக்குப் போனேன்.

"வந்த மூணாம் நாளே காணுங்க" என்றார் மேஸ்திரி பக்கிரி. "அரிசி லோடு போன லாரியில ஏறிக்கிச்சோ என்னமோ." லாரி எந்த ஊருக்குப் போனது? அவருக்குத் தெரியவில்லை.

களத்தைச் சுற்றினேன். தெருத் தெருவாக "கெளுத்தி, கெளுத்தி" என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன். ஒரு வீட்டிலிருந்து ஒரு அம்மா அலுமினியச் சட்டியோடு வெளியே வந்தாள். "கிலோ என்னா வெல?" என்றாள். அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

1 செப்டம்பர், திங்கள்

எட்டு மணிக்குக் கதவை அகலத் திறந்துவைத்து நிலைப்படியில் நின்றேன். சார் வந்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். செம்பு வைக்கும் சத்தம் கேட்டது. மறுபடி வந்தார். நான் நகரவில்லை. மறுபடி போனார். எத்தனை செம்புதான் குடிப்பார்?

அக்கா வந்து, "உள்ள போ மாலதி, அவுருக்கு நேரமாவுது" என்றார், கெஞ்சுகிற மாதிரி.

"எனக்குந்தான் நேரமாவுது." செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் கேட்டைத் திறந்துகொண்டு போனேன்.

சாயங்காலம் சொல்லிவிட்டார்கள். இந்த மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

6 செப்டம்பர், சனி

கனகசபை நகர் பக்கம் ஒரு வீடு. போனில் ஒரு பெரியவர் பேசினார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன். "சார், எனக்கு வீட்டுக்காரரு இல்ல. காலையில எட்டரைக்கு வேலைக்குக் கெளம்புவேன், யார் எதிர்லயும் வருவேன். முடியும்னா சொல்லுங்க, நேர்ல வரேன்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அதனால என்னம்மா, வந்து பாருங்க" என்றார். "நாய், பூனை எதுனா வளக்குறீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.