ஜெனரலுக்கு ஒரு சல்யூட்

ஆர்லோ,

இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் படுத்துவிட்டாய். எழுப்ப மனம் வரவில்லை. வான்கோழிக் கேசரோல் செய்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன், சூடாக்கிச் சாப்பிடு. ஹீட்டர் பழுது பார்க்க மதியம் ஆள் வருவார். நாயை உள்ளே கட்டு. போன தடவை அவர் பேண்ட்டைக் கிழித்துவிட்டது.

நேற்று நான் கத்தியது தப்பென்று இன்னும் தோன்றவில்லை. எந்தத் துறை என்று முடிவு செய்யாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் படித்துப் பார்க்கலாமே என்று கம்யூனிட்டி காலேஜில் நான் ஜெனரல் ஸ்டடீஸ் சேர்ந்த நாளிலிருந்து, கிளம்பும்போதெல்லாம் "ஜெனரல் அம்மா வர்றாங்க, வழி விடுங்கப்பா!" என்று ஜன்னலில் நின்று சல்யூட் வைக்கிறாய். அதற்கு நானும் சிரித்தேன். நேற்று உன் அண்ணன் முன்னால், "என் பெண்டாட்டிக்கு நாப்பத்தாறு வயசாச்சு, என்ன ஆகப்போறாள்னு அவளுக்கே தெரியாது" என்றாயே, அதுதான் சுட்டது.

தெரியாதுதான். தெரிந்துகொள்ளத்தானே போகிறேன். பாறைகளைப் பற்றிய வகுப்பில் தூக்கம் வந்தது. கணக்கியல் மண்டையில் ஏறவில்லை. வெல்டிங்கில் மட்டும், வகுப்பு முடிந்த பிறகும் முகமூடியைக் கழற்ற மனசே வரவில்லை. இதை உன்னிடம்தான் முதலில் சொல்ல நினைத்திருந்தேன்.

மார்னி

காரை எடுத்தவள் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். பழக்கதோஷம், ஜன்னலைப் பார்த்துவிட்டேன். நீ இல்லை.

சாயங்காலம் நான் வரும்போது வாசலில் நில். சல்யூட் வை. சிரிக்காமல் வை.