புலிப்பல் புரோச்

1926 மார்ச் 8

சங்கிலி ஒன்றுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி லூர்துசாமி வந்து ஒரு சிகரெட் டின்னை மேசைமேல் வைத்தார். உள்ளே பஞ்சில் நான்கு கோரைப்பற்கள். சனிக்கிழமை துரை சுட்ட புலியினுடையவை. மேல்பல் இரண்டுக்கும் தங்கப் பூண் போட்டு, துரைசாணி மார்பில் குத்திக்கொள்ள ஒரு புரோச் செய்ய வேண்டுமாம். கீழ்ப்பல் இரண்டும் துரையின் கடிகாரச் சங்கிலிக்கு.

"உங்க மச்சான அடிச்ச புலிதான் அப்பாவு. அதான் உங்ககிட்டயே கொண்டாந்தேன்," என்றார். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்.

என் ஒரே தங்கை வீரம்மா அந்தத் தோட்டத்தில்தான் பால் வெட்டுகிறாள். அவள் புருஷன் சன்னாசி ரப்பர் மரத்தடியில் செத்து இன்றைக்குப் பத்தொன்பது நாள். டின்னை மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 10

இன்று எடுத்தேன். சாம்பல் நீரில் ஊறவைத்துத் தேய்த்ததும் பல் பால்போல் வெளுத்தது. அழகாகத்தான் இருக்கிறது. அப்படித் தோன்றியதே, அதற்காக என்மேலேயே அருவருப்பு.

மார்ச் 11

பூண் உட்கார்வதற்காக வேர்ப்பக்கம் அறுத்தேன். உள்ளே மூங்கில்போல் வெறும் குழல். துரைமார்களுக்காக எத்தனையோ புலிப்பல் அறுத்திருக்கிறேன். வயதான புலியின் பல் உள்ளே அடைத்துப்போயிருக்கும். இது இளம்புலி. நான்கு பல்லும் முழுசாக இருக்கின்றன, நுனிகூடத் தேயவில்லை.

சன்னாசியைக் குளிப்பாட்டியவன் நான். பிடரியில் மூன்று துளைதான் இருந்தது. நான்காவது விழவேண்டிய இடத்தில் தோல் கன்றியிருந்தது, அவ்வளவுதான். பல் உடைந்த புலி அது.

இது வேறு புலி.

நான்தான் தப்பாகப் பார்க்கிறேனா? மறுபடி விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். மறுபடியும் அதே குழல்.

மார்ச் 12

தோட்டத்துக்குப் போனேன். சன்னாசி செத்ததும் அந்த மேட்டு ரப்பர்க் காட்டில் பால் வெட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். புலி விழுந்த மறுநாளே தொடங்கிவிட்டார்களாம். கிராணியிடம் சொன்னேன். முகம் வெளிறிப்போனது. "நான் எப்படி இதத் துரைகிட்டச் சொல்றது? படம்லாம் புடிச்சு சீமைக்கு அனுப்பிட்டாரு," என்றார்.

நானே சொன்னேன். துரை பொறுமையாகக் கேட்டார். பல்லை வாங்கித் துளைக்குள் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார். "நீ நகை பண்ணும். புலி நான் பார்க்கும்," என்றார். கோபப்படக்கூட இல்லை.

மார்ச் 14

ஞாயிறு. வீரம்மாவை ஈப்போவில் என் வீட்டுக்கு அழைத்துவரலாம் என்று போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

கூலிக்காரர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்து மர நிரையில் பால் வெட்டும் பாப்பா, கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பெண், எனக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுத்தது. வீரம்மா முகம் தெளிந்திருந்தது.

"செத்த புலிய இங்கதாண்ணே கொண்டாந்து போட்டாங்க. கிட்டப் போயி எட்டி ஒதச்சேன். மூஞ்சியில மண்ணள்ளிப் போட்டேன். அன்னிக்குத்தான் எனக்குக் கண்ணு மூடுச்சு."

நான் என்ன சொல்வது? அது சன்னாசியைக் கொன்ற புலி இல்லை, நீ உதைத்தது வேறு ஏதோ ஒரு மிருகத்தை என்றா?

"இருட்டோட மேட்டுக்குப் போகாதம்மா," என்றேன்.

"அஞ்சு மணிக்குப் பெரட்டுல பேர் குடுக்கணும்ணே. விடிஞ்சு போனா பால் வராதுலா. இனிமே என்ன பயம்?"

பாப்பாவும் சிரித்தது. கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 20

புரோச் முடிந்தது. இரண்டு பல்லும் பிறைபோல் எதிரெதிராக, நடுவில் தங்க இலை. நான் செய்ததிலேயே இதுதான் சுத்தமான வேலை. துரைசாணி கண்ணாடிமுன் குத்திப் பார்த்து, "ரொம்ப நல்லது ஆச்சாரி," என்றாள். கூலியை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 23

நாளை போய் வீரம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 24

போகவில்லை.

மார்ச் 29

பாப்பாவைப் புலி அடித்துவிட்டது. மேட்டுக் காட்டில், விடிவதற்கு முன். வீரம்மா நான்கு மரம் தள்ளி நின்றிருக்கிறாள்.

மார்ச் 30

அடக்கம் முடிந்தது. பாப்பாவின் புருஷன் பால் வாளியைக் கழுவிக்கொண்டே இருந்தான். கழுவின வாளியையே கழுவினான்.

கிராணி வீரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். தன்மேல் பழி வராமலிருக்கச் சொன்னாரோ, மனசு தாங்காமல் சொன்னாரோ. அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"ஒனக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"அன்னிக்கு வந்தியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்மா. நீ நிம்மதியா இருந்த... அதான்..."

"பாப்பா கையால கோப்பி வாங்கிக் குடிச்சியே."

திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். அதோடு திரும்பி நடந்துவிட்டாள். அய்யோ, சொல்லித் தொலைச்சிருக்கலாமே. ஒரு வார்த்தைதானே. அவ அழுதிருப்பா, அவ்வளவுதானே. பாப்பா இருந்திருக்கும்.

ஏப்ரல் 17

துரை விடுப்பில் சீமைக்குப் போய்விட்டாராம். மேட்டுக் காட்டில் வேறு ஆட்களைப் போட்டு வெட்டுகிறார்கள்.

மே 2

லயத்தில் வீரம்மா இல்லை. அந்த அறையில் புதுசாக ஒரு குடும்பம் இருக்கிறது. எங்கே போனாள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை.

ஜூன் 20

சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். லயத்துக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பலகையைப் போட்டு உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். பாப்பா விஷயத்தை எடுத்தேன். "வேணாம், விடுங்க," என்றாள். "விடுங்க" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை நீ என்றுதான் பேசுவாள்.

பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்து, "யாரு இது, சொந்தமா?" என்றாள்.

வீரம்மா துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "ஈப்போவுல நகை செய்யிறவரு."