குதிகால் தெரியும் துளை

சோஹாக் பக்கம், எகிப்து
21 பிப்ரவரி 2008

நவ்வாராவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியும் உங்கள் தங்கை இன்ஸாஃபும் நானும் சுகம். லிபியா மணலில் கிணறு தோண்டுகிறவருக்கு எங்கள் முகமாவது நினைவிருக்கிறதா?

மகளின் கால் நேராகிவிட்டது! பிறந்தபோது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்ததற்கு மருத்துவச்சி, "வயித்துல மடங்கிக் கெடந்த காலு, தானா சரியாயிடும்" என்றாள். நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாதென்று நாமும் இருந்துவிட்டோம். சோஹாக் டாக்டரம்மா விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "சும்மா மடங்குன காலுன்னா தள்ளுன பக்கம் வரும். இது வரல பாரு" என்று சொன்னார் அல்லவா? வாரம் ஒன்றாக ஆறு மாவுக்கட்டு, குதிகால் நரம்பில் சின்ன வெட்டு, அப்புறம் மூன்று வாரக் கட்டு. நேற்று அதையும் பிரித்தார்கள்.

இனி இரண்டு குட்டி பூட்ஸ், நடுவே ஓர் இரும்புப் பட்டை. மூன்று மாதம் நாள் முழுக்கப் போட வேண்டும், குளிக்க மட்டும் கழற்றலாம். பிறகு நாலு வயது வரை தூங்கும்போது. பூட்ஸின் பின்னால் ஒரு துளை இருக்கிறது. "அதுல குதிகால் தெரியணும். தெரியலன்னா அன்னிக்கே ஓடி வா" என்றார் டாக்டரம்மா. நான் ஒரு நாளைக்கு இருபது தடவை எட்டிப் பார்க்கிறேன்.

உங்கள்
ஸப்ரீன்

---

ஸப்ஹா முகாம்
3 மார்ச் 2008

அன்பு ஸப்ரீனுக்கு,

உன் கடிதத்தை லாரிக்காரர் பகீத் தந்தார். படித்து அழுதேன், கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஒரு விஷயம். இன்ஸாஃபைப் பார்க்க தஹ்தாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருகிறார்களாம். அவளுக்கு முப்பத்தொன்று. இரண்டு சம்பந்தம் முறிந்ததை நீயே பார்த்தாய். அண்ணன் மகள் காலில் இரும்பைப் பார்த்தால், பரம்பரைக் கோளாறு என்று எழுந்து போய்விடுவார்கள். நிக்காஹ் முடியும்வரை அவர்கள் கண்ணில் அது படவேண்டாம். அவர்கள் இருக்கும் நேரம் மட்டும்தானே? கோபப்படாதே.

உன்
ரிஃபாயி

---

20 மார்ச் 2008

நவ்வாராவின் வாப்பாவுக்கு,

சொன்னபடி கழற்றினேன். ஆனால் மாப்பிள்ளையின் அத்தை பத்து நாள் விருந்தாளியாகத் தங்கிவிட்டாள். மாமி பூட்ஸை மாவுப் பானைக்குள் புதைத்து வைத்துவிட்டார். குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, "குளிர் காத்து ஆகாது அவளுக்கு" என்று எல்லோரிடமும் சொன்னோம்.

இன்று அத்தை போனதும் ஓடிப்போய் எடுத்துப் போட்டேன். துளையில் குதிகால் தெரியவில்லை. வாரை இறுக்கினேன், அவள் வீறிட்டாள். அவிழ்த்து மறுபடி போட்டேன். தெரியவில்லை. பாதம் மறுபடி உள்ளே திரும்புகிறது, ரிஃபாயி!

சோஹாக் போகிறேன் என்றால் மாமி, "நிக்காஹுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி வாசல்ல எவ கண்ணுலயாவது பட்டா என் மக வாழ்க்கை போச்சு. எம்மவன் சொல்லட்டும், அப்பறம் போ" என்கிறார். உங்கள் உம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். 'ஸப்ரீனைப் போக விடுங்கள்.' அவ்வளவுதான்.

உங்கள்
ஸப்ரீன்

---

29 மார்ச் 2008

ரிஃபாயி,

பகீத் வந்தார், உங்கள் கடிதம் வரவில்லை. பூட்ஸ் இப்போது காலில் ஏறவே இல்லை. குதிகால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. கையால் பிடித்துப் பிடித்து நீவுகிறேன், விட்டதும் திரும்பிவிடுகிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. உங்கள் காலில் விழுகிறேன். அந்த ஒரு வரி.

ஸப்ரீன்

---

2 ஏப்ரல் 2008

அன்பு ஸப்ரீனுக்கு,

உன் இரண்டு கடிதமும் சேர்ந்தே கிடைத்தன. பத்தாம் தேதி வியாழன் நிக்காஹ் என்று உம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். இன்னும் எட்டே நாள். இவ்வளவு பொறுத்தவள் அதையும் பொறுத்துக்கொள். பதினோராம் தேதி நீ எங்கே வேண்டுமானாலும் போ. கால் எங்கே ஓடிவிடப் போகிறது?

உன்
ரிஃபாயி

---

சோஹாக்
14 மே 2008

நவ்வாராவின் வாப்பாவுக்கு,

நிக்காஹ் நின்றதை மாமி உங்களுக்குச் சொல்லியிருப்பார். நான் கெடுத்தேன் என்றும் சொல்லியிருப்பார். நடந்தது இதுதான்.

உங்கள் கடிதம் எட்டாம் தேதி வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இன்ஸாஃப் வாங்கிப் படித்தாள். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மாவுப் பானையில் கைவிட்டு, மாமி மறுபடி புதைத்திருந்த பூட்ஸை எடுத்தாள். மாவு ஒட்டிய கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் நடுவே துணியை அவிழ்த்தாள். "இது எங்கண்ணன் மக. இதான் அவ காலு. நல்லாயிட்டு வந்த கால, எனக்காக நாங்களே கெடுத்து வெச்சிருக்கோம். இப்ப சொல்லுங்க, நான் வேணுமா வேண்டாமா?"

அவர்கள் தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். மாமி தலையில் அடித்துக்கொண்டார். இன்ஸாஃப் என்னிடம், "செருப்பைப் போடு, மதினி. கடைசி வண்டிய விட்டுடாத" என்றாள். வழியெல்லாம் குழந்தையை அவள்தான் வைத்திருந்தாள். அழவில்லை. நான்தான் அவளுக்கும் சேர்த்து அழுதேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "மறுபடி மொதல்ல இருந்து" என்று மட்டும் சொன்னார். நாலு மாவுக்கட்டு போட்டார்கள். நான் இங்கே என் அக்கா வீட்டில் இருக்கிறேன். ஊருக்குத் திரும்புவதாக இல்லை. நீங்கள் வந்தால் மகளைப் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். என்னை அழைக்க வரவேண்டாம். நீங்கள் பொறுக்கச் சொன்ன அந்த எட்டு நாளை என்னால் மறக்க முடியவில்லை.

இன்று காலை புது பூட்ஸ் போட்டோம். துளையில் குதிகால் தெரிந்தது. இன்ஸாஃப் ஊரிலிருந்து வந்திருந்தாள், தரையில் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "அண்ணனுக்கு எழுது, பாவம்" என்றாள். அவள் சொன்னதற்காகத்தான் எழுதினேன்.

நவ்வாராவின் உம்மா