எதற்கும் ஆகாத வாரண்டி

12-6-97

மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த பணம் பாங்கில் குறட்டை விட்டுத் தூங்குகிறது. அதை எழுப்பி, அக்கா மகள் கயல்விழியின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக ஒரு பழைய கார் வைப்பது என்று இன்று காலை முடிவெடுத்தேன். உலகத்தில் எந்தத் தாய்மாமனும் இதுவரை செய்யாத காரியம். (செய்திருக்கலாம். என்னிடம் சொல்லவில்லை.)

பூவாத்தா அக்காவிடம் சொன்னேன். “காரா? நம்ம வாசல்ல அதுக்கு எடம் எங்க தம்பி?” என்றாள். வாசலை நகர்த்திக்கொள்ளலாம் என்றேன்.

கயல் கோழி டாக்டர். சிங்காநல்லூரிலிருந்து பல்லடம் பக்கம் போய், பண்ணை பண்ணையாகக் குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து போடுகிறாள். மருந்து இருக்கும் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறாள். போன மாதம் சூலூரில் பஸ் நின்றுவிட்டது. ஐஸ் உருகி மருந்தெல்லாம் வீண். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அவள் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஆகவே கொங்கு நாட்டுக் கோழிகளின் உயிர் மொத்தமும் இன்று முதல் என் பொறுப்பு.

14-6-97

அவினாசி ரோட்டில் பழைய கார் விற்கும் இடம். வெள்ளைக் கார், 93 மாடல். விற்கிற பையன் பெயர் ரூபன். டை கட்டியிருந்தான், அது அவனைவிட நீளம்.

துணைக்கு உக்கடம் மெக்கானிக் அப்துல் கையூம் பாயை அழைத்துப் போயிருந்தேன். பானட்டில் காதை வைத்துக் கேட்டார். “எஞ்சின் நல்லாருக்குதுங்க மாசாணம். ஓட்டுன ஆளு கிளட்ச்சு மேலயே காலை வெச்சுத் தூங்கியிருக்கறான். அது மட்டும் செலவு வெக்கும்,” என்றார் என்னிடம்.

“அதுக்குத்தானுங்க சார் வாரண்டி இருக்குது,” என்றான் ரூபன். “கூடக் கொஞ்சம் கட்டுனீங்கன்னா ரெண்டு வருசம் கவலையே இல்லைங்க.”

பழைய காருக்கு வாரண்டி. ஐம்பது வயதுக்காரனுக்குப் பால் பல் விழாது என்று எழுதிக் கொடுப்பதைப் போல. தாளை வாங்கி வந்திருக்கிறேன்.

16-6-97

படித்தேன். எழுத்து எறும்புக் கால் அளவு. எறும்பும் சின்ன ஜாதி எறும்பு.

டயர் வாரண்டியில் சேராது. பேட்டரி, பிரேக், விளக்கு, ஒயர், கண்ணாடி, ரப்பரில் செய்த யாவும் சேராது. கிளட்ச் சேரவே சேராது. தேய்ந்து பழுதானால் சேராது. காரில் தேயாமல் பழுதாகிற பொருள் எது? அரை மணி நேரம் யோசித்தேன். ஹாரன் என்று தோன்றியது. கடைசி வரியில் ஹாரனும் சேராது என்று போட்டிருக்கிறான். நான் யோசிப்பேன் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மிச்சம் எஞ்சினின் வயிறு ஒன்றுதான். அதற்கும் வெளி மெக்கானிக் கை வைத்தால் ரத்து. வியாபாரச் சரக்கு ஏற்றினால் ரத்து. வேறு ஆள் பெயருக்கு மாற்றினால் ரத்து.

தீர்ப்பு: இந்த வாரண்டி எதற்கும் ஆகாது. வேண்டாம்.

17-6-97

‘வெளி மெக்கானிக்’ என்ற இடத்தைப் பாயிடம் படித்துக் காட்டினேன். வைத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

22-6-97, ஞாயிறு

காரமடையிலிருந்து சம்மந்தி வந்தார். மாப்பிள்ளை அன்புமணியின் அப்பா, கறிவேப்பிலை வியாபாரி. அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியே வாசமாக இருக்கிறது. கார் சங்கதி எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது.

“ஏனுங்க சம்மந்தி, வண்டிய மாப்பிள்ளை பேர்லயே எழுதிப் போடுங்க. சபையில சொல்லிக்க எடுப்பா இருக்கும். விடியால சந்தைக்கு நாலு மூட்டை கருவேப்பிலையும் போட்டுக்கலாம் பாருங்க.”

“அப்ப கயலு பல்லடம் போறதுங்க?”

“அம்மணிக்கென்னுங்க, நிமிசத்துக்கொரு பஸ்ஸு.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். கயல் உள்ளே தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள், ஒரே தம்ளரை ரொம்ப நேரம்.

23-6-97

தூக்கம் வரவில்லை. இது எனக்கு நடக்காத விசயம், மில் சங்கு ஊதும்போதே அதன் கீழே தூங்கியவன் நான்.

அக்கா அழுகிறாள். “நிச்சயம் பண்ணியாச்சு. இப்பப் போயி முடியாதுன்னா பேச்சு முறிஞ்சு போயிரும் தம்பி. கேட்டதக் குடுத்துப்போடு.” கயலைக் கேட்டேன். “உங்க இஷ்டமுங்க மாமா,” என்கிறாள். இது என்ன பதில்? என் இஷ்டமா இது? கறிவேப்பிலைக்கு நானெதுக்குடா கார் வாங்கறேன்?

நான் முடியாது என்றால் சண்டை. அக்கா முடியாது என்றால் அதைவிடச் சண்டை. நாங்கள் யாரும் வாய் திறக்காமல், ‘முடியாது’ என்று எங்களுக்காகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் —

வாரண்டித் தாளை மறுபடி எடுத்தேன்.

24-6-97

வாங்கிவிட்டேன். வேண்டாம் என்ற அதே வாரண்டி, இரண்டு வருசத்தது. காரும் வாரண்டியும் கயல்விழி பெயரில்.

வாங்குமுன் ரூபனைக் குறுக்கு விசாரணை செய்தேன். கோழிக்கு மருந்து கொண்டு போவது வியாபாரச் சரக்கா? மேனேஜரிடம் ஓடினான். டாக்டர் தன் மருந்துப் பெட்டியோடு வேலைக்குப் போவதில் குற்றமில்லையாம். கறிவேப்பிலை மூட்டை? மறுபடி ஓடினான். அது சரக்கு, ரத்து. அவனைக் கட்டித் தழுவத் தோன்றியது, டை குறுக்கே வந்தது.

கயல் தாளை முழுசும் படித்துவிட்டு, “இதுல நமக்கு ஒண்ணுமே கிடைக்காதேங்க மாமா,” என்றாள். பெயர் மாற்றம் என்ற வரியில் விரலை வைத்தேன். அதையும் படித்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

29-6-97, ஞாயிறு

காரமடை போனேன். என் வாழ்நாள் புளுகுகளை எல்லாம் சேமித்து வைத்தது இந்த நாளுக்காகத்தான் போலும்.

“சாதாரண வாரண்டி இல்லைங்க சம்மந்தி. வால்பாறை மலை உச்சியில எஞ்சின் நின்னாலும் கம்பெனிக்காரன் நடந்தே ஏறி வந்து சரி பண்ணோணும். ஒரே சங்கடம், பேர் மாத்துனா செல்லாதுங்களாமா.”

சம்மந்தி என்னை நம்பவில்லை. இங்கிலீஷில் இருந்த தாளை மகனிடம் நீட்டினார். “நீ படிச்சுச் சொல்லுடா.”

அன்புமணி பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். இதுவரை என்னிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். சேராதவற்றின் பட்டியலைக் கண்ணால் மேய்ந்தான். நிதானமாகத் திருப்பினான்.

“ஆமாங்கப்பா. பேர் மாத்துனா ரத்து. மூட்டை ஏத்துனா ரத்து. மீறுனா அபராதமும் உண்டுங்கப்பா.”

“அபராதமா?”

“பெரிய அபராதமுங்க.”

சம்மந்தி தாளை வாங்கி மடித்து என்னிடமே கொடுத்தார். “ரெண்டு வருசந்தானுங்களே. போகட்டும். அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.”

அபராதம் என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே கிடையாது. பஸ் ஏற்றிவிட வந்த மாப்பிள்ளை, “அபராதம் கொஞ்சம் அதிகமாப் போயிருச்சுங்களா மாமா?” என்று கேட்டான். சரியான அளவுதான் என்றேன். சீர் கொடுக்கப் போனவனுக்கு இப்படி ஒரு பையன் பதிலுக்குக் கிடைத்தான்.

5-9-97

கல்யாணம். கார் மீது பூ போட்டது அதிகம். நான் ஓட்டியபோது முன்னால் எதுவும் தெரியவில்லை.

18-12-97

பாய் சொன்னபடியே கிளட்ச் போய்விட்டது. நல்லவேளை, தம்பதி குடியிருக்கும் தெருவிலேயே. கம்பெனிப் பட்டறையில் கேட்டேன், சேராது என்றார்கள். எதிர்பார்த்த பதில்தான், ஆனாலும் மரியாதைக்குக் கோபப்பட்டேன்.

பாய் வந்தார். “நான் வெளி ஆளுங்களே, தொடலாமுங்களா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு கையிலும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தார். கை படவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வாராம். கயல் அவருக்கு டீ கொடுத்தாள். குடித்தார்.

24-6-99

இன்றோடு வாரண்டி முடிகிறது. அதனால் ஒரு திருகாணிகூட வந்ததில்லை. நாளை முதல் சம்மந்தி பெயர் மாற்றும் பேச்சை எடுக்கலாம். புதிதாக ஒரு புளுகு தயார் செய்ய உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. வயதாகிவிட்டதா?

25-6-99

சாயங்காலம் கயல் வீட்டுக்குப் போனேன். வாரண்டித் தாள் எங்கே என்று கேட்டேன். காரில் ஐஸ் பெட்டி ஆடாமல் இருக்க அடியில் மடித்து வைத்திருக்கிறாளாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே காரமடையிலிருந்து போன். கயல்தான் எடுத்தாள். சம்மந்தி குரல் எனக்கே கேட்டது. அவர் போன் இல்லாமல் பேசினாலும் கேட்டிருக்கும்.

“அம்மணி, ஞாயித்துக்கெழம உங்க வண்டி சும்மா நிக்குதுங்களா? பண்ணாரி கோயில் வரைக்கும் போயிட்டு வரலாம்னு. உங்களுக்குத் தோது எப்படின்னு கேட்டுக்கலாம்னு கூப்புட்டனுங்க.”

நான் அன்புமணியைப் பார்த்தேன். அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான், தலைகீழாக.

“எடுத்துக்கங்க மாமா,” என்றாள் கயல் போனில். “திங்கக்கெழம ஏழு மணிக்குள்ள வந்துருமுங்களா? எனக்குப் பல்லடம் போகோணும்.”

“ஆறுக்கே கொண்டாந்து நிறுத்திப்போடறனுங்க அம்மணி.”